ஒரு சொல் விடுபட்டமையால்
‘ஷரேட்’ என்னும் திரைப்படத்தின் பிரதிகள் பற்றிய ஒரு சிந்தனை

பழைய நூலொன்றைக் கையிலெடுக்கும் புலவன் முதலிற் கேட்கும் வினா, “இது எந்த ஏட்டின் வழிவந்தது?” என்பதாகும். அந்த ஏடு யாரிடமிருந்து பெறப்பட்டது, எழுதினோன் கைச்சோர்வால் விடுபட்டவை எவை, இடையிற் புகுந்தவை எவை என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே அவன் நூலின் குணங்குற்றம் பேச முற்படுவான். சிதைந்த பிரதியை வைத்துக்கொண்டு ஆசிரியனைப் பழித்தல் முறையன்று என்பது தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. ஆயின், இதே முறையைத் திரைப்படத்தின்பால் நாம் கைக்கொள்கின்றோமா? வீடியோ நாடாவிலும் இறுவட்டிலும் இணையத்திலும் வீட்டிலிருந்தவாறே படம் பார்க்கும் வழக்கம் வந்தபின் நம் கண்முன் ஓடுவது மூலப்படம் அன்று; அதன் ஏதோ ஒரு பிரதி. அப்பிரதி எத்தன்மையது என்று கேட்பார் மிகச் சிலரே.

இக்கேள்வி எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்த்த, 1963 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஷரேட்’ என்னும் அமெரிக்கப் படத்தின் வரலாறு தக்க சான்றாகும். நகைச்சுவையும் மர்மமும் கலந்த படங்களுள் இதனைப்போல் விரும்பிப் பார்க்கப்பட்டவை சிலவே. இதனைப்போல் மோசமான பிரதிகளிற் பார்க்கப்பட்டவையும் சிலவே.

கதையும் சுவையும்

‘ஷரேட்’ என்பது ஒரு சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து நடித்துக்காட்ட, பிறர் அதனைக் கண்டுபிடிக்கும் விளையாட்டின் பெயர். பாசாங்கு என்ற பொருளும் அதற்குண்டு. படத்திலே இவ்விரு பொருளும் பொருந்தி நிற்கின்றன. இயக்கியவர் ஸ்ரான்லி டொனன். திரைக்கதை பீற்றர் ஸ்ரோன். ஒளிப்பதிவு சாள்ஸ் லாங். இசை ஹென்றி மன்சினி. கதாநாயகியாக ஒட்றி ஹெப்பேர்ணும் கதாநாயகனாகக் கேரி கிராண்டும் நடித்தனர்.

பிரான்ஸ் நாட்டின் பனிமலைச் சாரலிலுள்ள மெஜேவ் என்னும் ஊரிலே, கணவனைப் பிரிய எண்ணியவளாக இருக்கின்றாள் றெஜினா. பாரிஸ் நகருக்குத் திரும்பினால் வீடு வெறுமையாய்க் கிடக்கின்றது. கணவன் ரயிலிலிருந்து எறியப்பட்டு மாண்டான் என்ற செய்தியும் வருகின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே திருடப்பட்ட 250,000 டொலர் பெறுமதியான பொன்னின் கதை பின்னர் வெளியாகின்றது. அதிற் பங்காளிகளாயிருந்த மூவர், அப்பணம் அவளிடமே இருக்கின்றதென்று துரத்துகின்றனர். அவளுக்கு உதவ வரும் ஆடவனோ தன் பெயரை மாற்றிக்கொண்டே போகின்றான். யாரை நம்புவது? தேடப்படும் பொருள் எங்கே? இவ்விரு வினாக்களுமே படத்தை நடத்திச் செல்கின்றன. விடையைக் கூறி, இனிப் பார்ப்போரின் இன்பத்தைக் கெடுக்க நாம் விரும்பவில்லை. எல்லாருடைய பார்வையிலும் பட்டும் எவருடைய கருத்திலும் படாத ஒரு சிறு பொருளிலேதான் புதிர் முழுவதும் அடங்கியுள்ளது என்று மட்டும் சொல்லிவைப்போம்.

நகை, அச்சம், மருட்கை, உவகை என்னும் நான்கு மெய்ப்பாடுகளும் இப்படத்தில் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன அல்ல. ஒரே காட்சியில் ஒருங்கே நிற்பன. இறந்தவனின் உடலைப் பார்க்க வரும் மூவருள் ஒருவன், மூச்சு வருகின்றதோ என்றறியச் சிறு கண்ணாடியொன்றைப் பிணத்தின் மூக்கருகே பிடிக்கின்றான். இன்னொருவன் ஊசியாற் குத்திப் பார்க்கின்றான். பார்ப்பவர் சிரிக்கின்றனர்; சிரிக்கும்போதே இவர்கள் எத்தகைய கொடியவர்கள் என்று அஞ்சவும் செய்கின்றனர். கிராண்டுக்கும் ஹெப்பேர்ணுக்கும் இடையே இருபத்தைந்து வயது வேறுபாடு. அதனை எண்ணிக் கிராண்ட் கூச்சப்பட்டமையால், அவன் அவளை நாடாது அவளே அவனை நாடுவதாக உரையாடல் அமைக்கப்பட்டது. அவள் நெருங்குந்தோறும் அவன் முகத்திலே தோன்றும் சங்கடமே பல இடங்களில் நகையின் ஊற்று.

சொல்லால் வரும் நகை மங்கிய பிரதியிலும் ஓரளவு பிழைக்கும். புருவத்தின் அசைவால் வரும் நகை பிழைக்காது. மர்மமும் அத்தகையதே. மேசைமேற் பரப்பிவைக்கப்படும் இறந்தவனின் உடைமைகளை நாமும் கதாநாயகியோடு கூர்ந்து பார்க்கவேண்டும். பலே றோயல் மாளிகையின் தூண்வரிசையிலே, இரவில், இரு ஆடவர் தன்னையே நம்புமாறு அழைக்க, அவள் தூணுக்குத் தூண் ஒதுங்கி நிற்கும் இறுதிக்கட்டத்தில் நிழல் எது, ஆள் எது என்பது தெரியவேண்டும். செயின் நதியிலே படகில் உணவருந்தும் காட்சியில், இருளினூடே பாய்ந்து கரையிலிருக்கும் காதலரைக் காட்டும் விளக்கொளி விளங்கவேண்டும். இவையெல்லாம் கண்ணுக்கு இடப்பட்ட விருந்து. கண்ணுக்கு எட்டாவிடின் கதை மட்டுமே எஞ்சும், கலை எஞ்சாது.

விடுபட்டது என்ன?

இத்துணை நயம் வாய்ந்த படத்துக்கு இத்துணை இழிந்த பிரதிகள் எவ்வாறு வந்தன? காரணம் தொடக்கப் பெயரட்டையிலே இருக்கின்றது.

அந்நாளில் அமெரிக்காவில் நடைமுறையிலிருந்தது 1909 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். வெளியிடப்படும் படைப்பில் உரிமையாளர் பெயரோடு, பதிப்புரிமை என்னும் சொல்லோ, அதன் சுருக்கமோ, வட்டத்துள் அமைந்த ‘சி’ என்ற எழுத்தோ காணப்படல் வேண்டும் என்பது அதன் விதி. ‘ஷரேட்’ படத்தின் அட்டையிலே உரோமன் இலக்கத்தில் ஆண்டு இருந்தது. யூனிவேர்சல் கம்பனியின் பெயரும் டொனனுடைய கம்பனியின் பெயரும் இருந்தன. எல்லா உரிமைகளும் தமக்கேயென்ற வாசகமும் இருந்தது. பதிப்புரிமை என்ற அந்த ஒரு சொல்தான் இல்லை. அதற்கு ஈடான குறியும் இல்லை.

விளைவு யாது? எல்லா உரிமைகளும் தமக்கேயென்று அறிவித்த அட்டையே அவ்வுரிமைகளை இழக்கச் செய்தது. படம் வெளிவந்த அன்றே அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாயிற்று. குறி முறையாக இடப்பட்டு, உரிமையும் உரிய காலத்திற் புதுப்பிக்கப்பட்டிருப்பின், அங்கே 2058 ஆம் ஆண்டின் முடிவு வரை அது நிலைத்திருக்கும். எல்லாருடைய பார்வையிலும் பட்டும் எவருடைய கருத்திலும் படாத சிறு பொருளைப் பற்றிய கதைக்கு இத்தகைய விதி வாய்த்தது வியப்பன்றோ!

இவ்விபத்து இப்படத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1968 ஆம் ஆண்டில் வந்த ‘நைற் ஒஃப் த லிவிங் டெட்’ என்னும் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய பெயரட்டையோடு உரிமைக் குறியும் போயிற்று. பிற்காலச் சட்டம் இத்தகைய தவறுகளைப் பொறுத்தது. 1978 ஆம் ஆண்டில் விதி தளர்த்தப்பட்டது; 1989 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் குறி இடவேண்டும் என்ற கட்டாயமே நீங்கிற்று. ஆனால் முன்னரே போன உரிமை அதனால் மீளவில்லை.

பிரதியின் பிரதி

உரிமை போனதாற் படம் கெட்டுவிடவில்லை. கெடுதற்கு வாயில் திறந்தது, அவ்வளவே. வீடியோ நாடா பெருகிய காலத்திலே, கையில் ஒரு படச்சுருள் கிடைத்த எவரும் அதனை நாடாவிற் பதிந்து விற்கலாயிற்று. கிடைத்த சுருள் எத்தகையது என்பதே இங்கு வினா.

படச்சாலைகளுக்கு அனுப்பப்படும் சுருள், மூல நெகட்டிவிலிருந்து நேரே வருவதன்று. பெரும்பாலும் இடைநிலைப் பிரதிகள் இரண்டொன்றைக் கடந்தே வரும். ஒவ்வொரு படியிலும் நுண்மை சிறிது குறையும், இருள் மிகும், பரல் பரலாகத் தோன்றும் தன்மை கூடும். தொலைக்காட்சி நிலையங்களுக்கும் பாடசாலைகளுக்கும் என்று எடுக்கப்பட்டவை 16 மில்லிமீற்றர்ச் சுருள்கள். படமாளிகையில் ஓடுவதோ 35 மில்லிமீற்றர்ச் சுருள். சட்டகம் சிறுத்தபடியால், அதிலடங்கும் நுட்பமும் சிறுத்தது. இவ்வாறு பலகாலம் ஓடித் தேய்ந்து கீறல் விழுந்த சுருள்களே மலிவாகக் கிடைத்தன.

அடுத்தது வண்ணம். அக்காலத்து வண்ணச் சுருள்கள் பலவற்றில் மூவகைச் சாயங்கள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் எளிதில் வெளிறிப்போக, படம் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். கிவன்ஷி என்னும் புகழ்பெற்ற ஆடைக்கலைஞர் ஹெப்பேர்ணுக்கு அமைத்த உடைகளின் நிறங்களைத் தேர்ந்து காட்டிய படம், எல்லாம் ஒரே நிறமாய் மயங்கும் நிலையை அடைந்தது.

மூன்றாவது சட்டகத்தின் வடிவம். இப்படத்தைத் திரையிடும்போது அகலம் உயரத்தின் 1.85 மடங்காக இருக்கவேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலோ அது 1.33 மடங்கே. பக்கங்களை வெட்டிப் பெட்டியை நிரப்பினால், படத்தில் நாலிலொரு பங்குக்கு மேல் மறைந்துவிடும். இருவர் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும் காட்சியில் ஒருவர் மட்டுமே தோன்றினால், அங்கே ஐயம் ஏது? நகை ஏது?

இத்தனை குறைகளோடும் வந்ததை நாடாவிற் பதியும்போது இன்னுமொரு குறை சேரும். வீட்டில் டெக்கிற் போட்டுப் பார்த்த வீ.எச்.எஸ். நாடாவின் கிடைநுண்மை ஏறக்குறைய 240 கோடுகளே. பின்னர் இறுவட்டு வந்தது. வட்டின் ஆற்றல் பெரிது. ஆயினும் மலிவுப் பதிப்பாளர் பலர் பழைய நாடாவையே வட்டிற்கு மாற்றினர். சிலர் பல படங்களை ஒரே வட்டில் அடக்கினர். கொள்ளளவுக்கு மேல் திணிக்கப்பட்டமையால் இருண்ட காட்சிகள் சிறு சதுரங்களாகச் சிதறின. புதிய பாத்திரத்தில் ஊற்றினாலும் பழைய கலங்கல் நீர் தெளியாது என்பதை அன்றைய வாங்குவோர் பணம் கொடுத்து அறிந்துகொண்டனர்.

ஒரு பாடபேதம்

பிரதிகளுக்கிடையே தெளிவு மட்டுமன்றி, சொல்லும் வேறுபடுவதுண்டு. ஏடுகளை ஒப்புநோக்கும் பழக்கமுடையோர்க்கு இஃது இனிய செய்தியாகும். கதாநாயகி ஓரிடத்தில், எந்நேரமும் தாங்கள் கொல்லப்படலாம் என்று கூறுகின்றாள். முதலில் அவள் பேசியது, அரசியற் படுகொலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். படம் வெளியாக இருந்தது 1963 டிசம்பரில். அதற்குச் சிறிது முன்னர், நவம்பர் 22 ஆம் நாள், ஜனாதிபதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நேரத்தில் அச்சொல் மக்களைப் புண்படுத்தும் என்றஞ்சி, ஒழிக்கப்படுதல் என்ற பொருளுடைய வேறொரு சொல்லைக் குரலாற் புகுத்தினர். ஒட்டுப்போட்ட அச்சொல் செவிக்குத் தனியே தெரியும்.

பின்னர் வந்த முறையான பதிப்புகளில் மூலச்சொல் மீண்டும் இடம்பெற்றது. அன்றைய திரையிடற் சுருள்களிலிருந்து பதியப்பட்ட மலிவுப் பிரதிகள் சிலவற்றிலோ மாற்றுச்சொல்லே நிற்கின்றது. ஆகவே, மூலத்தை நாடுவோர்க்கு முறையான பதிப்பே வேண்டும்; துயருற்ற ஒரு சமூகம் அந்த டிசம்பரில் எதனைக் கேட்க அஞ்சியது என்பதை அறிய விழைவோர்க்குக் கெட்ட பிரதியும் ஒரு சாசனமாகும். பாடபேதம் என்பது வெறும் பிழைப்பட்டியல் அன்று. அதற்குள்ளும் வரலாறு உண்டு.

இழப்பு யாருடையது?

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குப் படத்துக்காகவா என்று சிலர் வினவலாம். அண்மையில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், இப்படத்தை இணையத்திற் பார்த்ததாகச் சொன்னான். பிடித்ததா என்று கேட்டேன். “கதை நல்லது ஐயா. படந்தான் ஒரே மங்கல். பழைய படம் தானே, அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடிந்திருக்கும்” என்றான். குறையென்று அவன் சொல்லவில்லை. பெருந்தன்மையோடு மன்னித்தே சொன்னான். அந்த மன்னிப்பே என்னை உறுத்தியது.

சாள்ஸ் லாங் கறுப்பு வெள்ளைக் காலந்தொட்டு ஒளிப்பதிவிற் கைதேர்ந்தவர். அவர் மங்கலாய்ப் படம் பிடிக்கவில்லை. 1963 ஆம் ஆண்டில் படமாளிகையில் அமர்ந்திருந்தோர் கண்டது, இன்று பலர் கைப்பேசியிற் காண்பதைவிடப் பன்மடங்கு தெளிவான படம். மாணவன் காலத்தின் குறையென்று கருதியது பிரதியின் குறை. முன்னோர்க்கு இவ்வளவுதான் கைவந்தது என்ற எண்ணம் இளைஞர் உள்ளத்தில் ஒருமுறை வேரூன்றிவிட்டால், அவர்கள் பழையனவற்றைத் தேடிச் செல்வதை நிறுத்திவிடுவர். மங்கிய பிரதி செய்யும் பெருந்தீங்கு இதுவே.

பின்னொருநாள் அவனுக்கும் அவன் தோழர் இருவருக்கும் செயின் நதிக் காட்சியை மலிவுப் பிரதியொன்றிலும் செம்மையான பிரதியிலும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். முதலாவதில் கரை கருமையாய்க் கிடந்தது. இரண்டாவதில் கரையில் மனிதர் இருந்தனர். “இது அதே படமா ஐயா?” என்று கேட்டான் ஒருவன். அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பொதுமை குற்றமா?

இதனைக் கேட்போர், உரிமையாளன் இல்லாமையாலன்றோ இந்தக் கேடு வந்தது, எதற்கும் ஒரு சொந்தக்காரன் வேண்டும் என்று முடிவுகட்டலாம். அவ்வளவு விரைந்து முடிவுகட்டல் தகாது. ‘இற்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்ற 1946 ஆம் ஆண்டுப் படத்தின் உரிமை 1974 ஆம் ஆண்டிற் புதுப்பிக்கப்படாது போயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் அதனை நத்தார் காலந்தோறும் தாராளமாக ஒளிபரப்பின. வெளியான காலத்தில் வசூலில் ஏமாற்றிய அப்படம் இல்லந்தோறும் நேசிக்கப்பட்டது அதன் பின்னரேயாம். ‘ஷரேட்’ படமும் மலிவாகக் கிடைத்தமையால் எத்தனையோ பேரைச் சென்றடைந்தது. எம் மாணவன் அதனைக் காணமுடிந்ததும் அவ்வாறே.

குறை வேறிடத்தில் உள்ளது. சட்டம் படைப்பைப் பொதுவாக்கிற்று, மூலச்சுருளைப் பொதுவாக்கவில்லை. எவரும் படத்தைப் பதியலாம். ஆனால் நல்ல மூலத்தை எல்லாரும் நெருங்க முடியாது. அதனைத் தேடிப் பெற்று, துப்புரவாக்கி, நிறஞ்சேர்த்துப் பதிவதற்குப் பெரும் பொருட்செலவாகும். பக்கத்துக் கடையில் அதே பெயருடைய வட்டு மிக மலிவாகக் கிடைக்கும்போது, அச்செலவைச் செய்ய எத்தனை பேர் முன்வருவர்? அட்டையிலே ஹெப்பேர்ணின் அழகிய உருவம் இரண்டிலும் உண்டு. உள்ளிருப்பதை அட்டை சொல்லாது.

ஆயினும் அத்தகைய முயற்சியும் நிகழ்ந்தது. கிரைற்றீரியன் என்னும் பதிப்பகம் 1999 ஆம் ஆண்டில் இப்படத்தை நல்ல மூலத்திலிருந்து டி.வி.டி. வட்டாக வெளியிட்டது. அகலத்திரைக்கு ஏற்றவாறு 2004 ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி மறுபடியும் பதிப்பித்தது. 2010 ஆம் ஆண்டில், நிலைக்குத்தாக 1080 கோடுகள் கொண்ட புளூ-ரே வட்டாகவும் கொணர்ந்தது. டொனனும் ஸ்ரோனும் சேர்ந்து பேசிய விளக்கவுரையும் அதில் உண்டு. மூலமும் உரையுமாக வந்த பதிப்பு எனலாம். தனியுரிமை இல்லாத படத்துக்கும் உழைப்போர் உளர் என்பதற்கு இதுவே சான்று. அவர்கள் நிலைப்பது, வாங்குவோர் இரண்டுக்குமுள்ள வேற்றுமையை உணர்ந்து நல்லதைக் கேட்டு வாங்குவதைப் பொறுத்தது.

நல்ல பிரதியை அறியும் வழி

பாடசாலைத் திரைப்படக் கழகங்களை நடத்தும் ஆசிரியர்கள் நான்கு செய்திகளை நோக்கினாற் போதும். முதலாவது, சட்டகம் அகன்றதாயிருக்கின்றதா, பக்கங்கள் வெட்டுண்டனவா என்பது. இரண்டாவது, முகங்கள் மனித நிறத்தில் உள்ளனவா, எல்லாம் செந்நிறமாய் மயங்குகின்றனவா என்பது. மூன்றாவது, இரவுக் காட்சிகள். பகற்காட்சி எந்தப் பிரதியிலும் ஓரளவு தேறும், இருளே உரைகல். நான்காவது, பதிப்பாளர் எந்த மூலத்திலிருந்து எடுத்தார் என்று சொல்லியிருக்கின்றாரா என்பது. சொல்லாதிருப்பின் ஐயுறுதல் நன்று.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் பாதுகாக்கத் தக்க படமென ‘ஷரேட்’ 2022 ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் அங்கே இருபத்தைந்து படங்கள் தெரிவாகின்றன. உரிமைக் குறியை இழந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகள் சென்றபின் கிடைத்த மதிப்பு அது. ஆனால் பதிவேட்டிலே பெயர் இருப்பதால் நம் வீட்டுத் திரையில் படம் தெளிந்துவிடாது. நம் கழகங்களிற் படம் காட்டும் நாளிலே, படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர் ஆகியவற்றோடு எந்தப் பதிப்பைக் காட்டுகின்றோம் என்பதையும் கரும்பலகையில் எழுதிவைப்போம். பிள்ளைகள் ஏனென்று கேட்பார்கள்; அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.